கற்பனை பேஸ்பால் லீகில் கடைசி வாரப் பிளேஆஃப் போட்டி சப்பென்று ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: நாலைந்து நாடுகளில் இருக்கும் நண்பர்கள் சேர்ந்து பகடை உருட்டி ஒரு கற்பனை பேஸ்பால் லீக் நடத்துகிறார்கள். முக்கால் சீசன் தாண்டியதும் கீழே இருக்கும் அணிக்காரர்களுக்கு ஆர்வம் போய்விடுகிறது. அதனால் பிளேஆஃபுக்குள், அதாவது சீசனுக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் ஆட்டங்களுக்குள், நுழைய மேலே நடக்கும் போட்டியும் ருசி இல்லாமல் முடிகிறது. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

மேலே மல்லுக்கட்டும் மூன்று நான்கு அணிகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். அவர்கள் தூக்கம் கெட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். கடைசி இடத்தில் இருப்பவரைக் கவனியுங்கள். கடைசி வாரத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்பது அவர் கையில்தான் இருக்கிறது. காரைக்குடியில் ஏழு சீசன் நடத்திய பிறகு சொல்கிறேன்.

முதலில் எங்கள் லீகைப் பற்றி. என் அயித்தான் ஒருவர் நியூஜெர்சியில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஹால் ரிச்மன் என்ற அமெரிக்கர் 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த அட்டை விளையாட்டு. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, மூன்று பகடை. ஒரு பகடை தனி நிறம். அதில் 1, 2, 3 விழுந்தால் மட்டை பிடிக்கும் பேட்டரின் அட்டையில் அந்தப் பத்தியைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பந்து எறியும் பிட்சரின் அட்டையில். மற்ற இரண்டு பகடையின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். நாங்கள் அதே முறையில் கற்பனை ஆட்டக்காரர்களுக்கு அட்டை செய்துகொண்டோம்.

அணிகளுக்கு எங்கள் ஐயாக்கள் கொண்டு விற்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ஊர்களின் பெயர்: ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், மேடான், சைகோன், கொழும்பு. உள்ளூர் மானத்துக்குக் காரைக்குடியும் தேவகோட்டையும். எட்டு அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடு எட்டெட்டு ஆட்டம், ஆக 56. முதல் மூன்று அணிகள் பிளேஆஃப். முதல் இடம் நேராக இறுதிச்சுற்றுக்குப் போகும்; இரண்டாவதும் மூன்றாவதும் மோதி, ஜெயித்தவர் அதைச் சந்திப்பார். கொரிய லீகில் முதல் இடத்துக்கு அப்படி ஒரு மரியாதை உண்டு, அதைப் பார்த்து வைத்தது. வைகாசியில் தொடங்கி, பிள்ளையார் நோன்புக்கு இழை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். தை பிறந்தால் பாதி வீடு பழனிக்கு நடக்கப் போய்விடும்.

ஆட்டம் எந்த அணியின் ஊரில் என்று கணக்கோ, அந்த அணிக்காரர் வீடியோ அழைப்பில் பகடை உருட்டுவார். எங்கள் வீட்டுக் கூடமான பட்டாலையில் வழவழவென்ற தரை. ஆரம்பத்தில் பகடை உருண்டு வளவுக்குள், அதாவது உள் முற்றத்துக்குள், போய் விழுந்துவிடும். அதனால் ஓலைக் கொட்டானுக்குள் உருட்டுகிறோம். முடிவைப் பழைய நீளப் பேரேட்டில் நான் எழுதுவேன். என் அண்ணன் மகன் கூட உட்கார்ந்து அவுட்டும் ரன்னும் எண்ணுவான். பழைய கடைகளில் கணக்குப் பெட்டியருகே உட்கார்ந்து தொழில் பழகும் பையனைப் போல, அவனுக்கு வீட்டில் பெட்டியடிப் பையன் என்றே பெயர். எழுதியதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டதும் தோற்றவர் ‘சரி’ என்று எழுத வேண்டும். அந்தச் ‘சரி’ வந்தால்தான் முடிவு செல்லும்.

இப்போது கணக்கு. கடைசி வாரங்களில் எல்லோரும் பார்ப்பது மேஜிக் நம்பர். மொத்த ஆட்டத்தோடு ஒன்று கூட்டி, அதில் நம் வெற்றிகளையும் எதிரியின் தோல்விகளையும் கழிக்க வேண்டும். அமெரிக்க மேஜர் லீகில் 162 ஆட்டம், அதனால் 163-லிருந்து கழிப்பார்கள், எங்களுக்கு 57. வரும் எண்ணை நம் வெற்றியாலும் எதிரியின் தோல்வியாலும் குறைத்துக்கொண்டே வரலாம். பூஜ்யம் ஆனால் அந்த எதிரி நம்மைத் தொட முடியாது. இதில் பாதி நம் கையில், மீதி பாதி எதிரியோடு ஆடும் அணியின் கையில். பெரும்பாலும் அது எப்போதோ போட்டியிலிருந்து கழன்றுபோன அணியாக இருக்கும்.

பேஸ்பால் சரித்திரத்தில் இதற்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் நாள் 1988 அக்டோபர் 19. ஜப்பானின் பசிபிக் லீகில் கின்டெட்சு அணிக்கு அன்று கவாசாக்கி மைதானத்தில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இரண்டையும் ஜெயித்தால் சாம்பியன். ஒன்று தவறினாலும் செய்பு அணிக்குப் பட்டம். எதிரே லாட்டே அணி, அந்த வருஷம் கடைசி இடம். பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் மேல்பாதியில் வந்த அணியும் கீழ்பாதியில் சொந்த மைதான அணியும் மட்டை பிடிக்கும். முதல் ஆட்டத்தைக் கின்டெட்சு 4-3 என்று கடைசி இன்னிங்ஸில் பறித்தது. இரண்டாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் லாட்டே ஒரு ஹோம் ரன் அடித்து 4-4 ஆக்கிவிட்டது. நான்கு மணி நேரம் தாண்டினால் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று அப்போது விதி. பத்தாவது இன்னிங்ஸின் மேல்பாதியில் கின்டெட்சுவுக்கு ரன் வரவில்லை. இனி ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்தும், கீழ்பாதிக்குப் பந்தைப் பிடிக்க அந்த ஒன்பது பேரும் மைதானத்துக்குள் போனார்கள். ஆட்டம் டிரா.

சீசன் முடிவில் கின்டெட்சு 74 வெற்றி, 52 தோல்வி. செய்பு 73 வெற்றி, 51 தோல்வி. ஜப்பானில் டிராவை ஒதுக்கிவிட்டு வெற்றி விகிதம் பார்ப்பார்கள்: செய்புவுக்கு .589, கின்டெட்சுவுக்கு .587. ஒரு வெற்றி அதிகம் வைத்திருந்த அணிக்குப் பட்டம் இல்லை. பேரேடு எழுதுகிறவன் என்பதால் எனக்கு இது மனதிலேயே நிற்கிறது. அதனால்தான் சீசன் முடிவில் வெற்றியைவிடத் தோல்விப் பத்தியை முதலில் பார்க்கச் சொல்கிறேன். ஆட வேண்டிய ஆட்டம் பாக்கி இருந்தால் வெற்றியைச் சேர்த்துக்கொள்ளலாம், எழுதின தோல்வியைக் கழிக்க முடியாது.

அமெரிக்க மேஜர் லீகில் 2011-ம் அப்படித்தான். செப்டம்பர் ஆரம்பத்தில் பாஸ்டன் அணி டாம்பா பே அணியைவிட ஒன்பது ஆட்டம் முன்னால் இருந்தது. கடைசி நாளில் இரண்டும் சமம். பாஸ்டன் அன்று ஆடியது தன் பிரிவில் கடைசியில் கிடந்த பால்டிமோருடன். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட் (மூன்றானால் முடிந்தது), ரன் எடுக்க ஓடும் வழியில் உள்ள பேஸ் எதிலும் ஆள் இல்லை, பாஸ்டன் 3-2 என்று முன்னால். அங்கிருந்து பால்டிமோர் வரிசையாக மூன்று ஹிட் அடித்து 4-3 என்று ஜெயித்தது. சில நிமிஷங்களில், ஏழு ரன் பின்தங்கியிருந்து மீண்டு வந்த டாம்பா பே பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்துப் பிளேஆஃபுக்குள் போனது. நம் ஊரில் அப்போது மறுநாள் காலை ஒன்பதரை மணி. அந்த வருஷம் 93 ஆட்டம் தோற்ற பால்டிமோருக்கு அந்த வெற்றியால் ஒரு காசு லாபம் இல்லை. ஆனாலும் ஆடினார்கள் பாருங்கள், அதனால்தான் அந்த ராத்திரியை இன்னும் பேசுகிறோம்.

சரி, உங்கள் லீகுக்கு வருகிறேன். எங்கள் மூன்றாவது சீசனில் ஒரு அணிக்காரருக்கு அலுப்புத் தட்டிவிட்டது. கடைசி நான்கு ஆட்டத்துக்கும் உதவாக்கரை பிட்சர்களையே போட்டார். எதிரே ஆடிய பினாங்கு நான்கையும் அள்ளிக்கொண்டு போனது. அதனால் வெளியே தள்ளப்பட்டவர் என் பங்காளி. இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை, வீட்டு விசேஷத்துக்குக்கூட வரவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஐந்து மாதம் அவர் உருட்டிய பகடையை, அக்கறை இல்லாத நாலு ராத்திரி அழித்துவிட்டது.

அதற்கப்புறம் சில விஷயங்களை மாற்றினோம். மிகவும் பயன்பட்டது புது ஆட்டக்காரர்களை எடுக்கும் வரிசை. பல லீகுகளில் கடைசி அணிக்குத்தான் முதல் உரிமை. அதனால் தோற்பதே லாபம் ஆகிவிடுகிறது. எங்களிடம், பிளேஆஃப் வாய்ப்பு கணக்குப்படி முடிந்த நாளிலிருந்து யார் அதிகம் ஜெயிக்கிறாரோ அவருக்கு முதல் உரிமை. சீக்கிரம் வெளியேறிய மோசமான அணிக்கு ஆட்டங்கள் அதிகம் பாக்கி இருக்கும் என்பதால் அதற்கும் அநியாயம் இல்லை. அடுத்தது, பிட்சர்களின் ஓய்வுக் கணக்கைப் பேரேட்டில் எழுதுவது, கடைசித் தொடரின் பிட்சர் வரிசையை முன்கூட்டியே குழுவில் அறிவிப்பது. சமமாக முடிந்தால் என்ன என்பதையும் சீசனுக்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள். மேஜர் லீகிலேயே 2022 முதல் கூடுதல் ஆட்டத்தை எடுத்துவிட்டு, நேருக்கு நேர் மோதியதில் யார் அதிகம் ஜெயித்தார் என்று பார்க்கிறார்கள். எங்களுக்கும் அதுதான் விதி. அப்புறம், கடைசி ஆட்டங்கள் நான்கும் ஒரே மாலையில் நடக்கட்டும்.

போன சீசன் கடைசித் தொடருக்கு முன் நிலவரம் இது: பினாங்கு 33 வெற்றி 19 தோல்வி, காரைக்குடியும் சிங்கப்பூரும் 31-21, ரங்கூன் 30-22. காரைக்குடி என் அணி. எனக்குப் பாக்கி நான்கு ஆட்டமும் மேடானுடன். மேடான் 15-37, அடிமட்டம். சிங்கப்பூரும் ரங்கூனும் தங்களுக்குள் மோத வேண்டும். ரங்கூனுக்கு எதிராக என் மேஜிக் நம்பர் 57-31-22, அதாவது 4. இலை போட்டாகிவிட்டது, உட்கார வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன்.

மேடானை வைத்திருப்பவள் என் தங்கச்சி மகள், சென்னையில் ஒன்பதாம் வகுப்பு. யாருக்கும் வேண்டாத அணியை, பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டவள். ஆவணியிலேயே அவளுக்கு வாய்ப்பு முடிந்துவிட்டது. தொடருக்கு இரண்டு நாள் முன்னால் போன் செய்தாள். “அம்மான், என் முதல் பிட்சருக்கு ஓய்வு கொடுத்து நாலாவது ஆட்டத்துக்கு வச்சிருக்கேன். அம்மா, ‘அம்மான் ஜெயிச்சா உனக்கென்ன போச்சு, வேற யாரையாவது போடு’ங்கிறாங்க. நீங்க கோவிச்சுக்குவீங்களா?” என்றாள். “அவனைப் போடாம விட்டாத்தான் கோவிச்சுக்குவேன்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

முதல் ஆட்டம் எனக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் அவளுக்கு. அந்தப் பக்கம் சிங்கப்பூரும் ரங்கூனும் இரண்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களுடைய நாலாவது ஆட்டம் அன்று மாலை சீக்கிரமே முடிந்துவிட்டது. ரங்கூன் 32-24. என் மேஜிக் நம்பர் 1. ஜெயித்தால் உள்ளே. தோற்றால் ரங்கூனோடு சமம், ஆனால் நேருக்கு நேர் எட்டில் ஐந்து ரங்கூனுக்கு, அதனால் வெளியே.

ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்பாதி. மேடான் 3, நான் 2. இரண்டு அவுட், இரண்டாவது பேஸில் என் ஆள். மட்டை பிடித்திருப்பவன் என் அணியிலேயே சிறந்த பேட்டர். அவன் அட்டையில் மூன்று பத்தியிலும் 6, 7, 8 வரிகள் எல்லாம் ஹிட். தனிப் பகடை 3-க்குள் விழுந்தால் நல்ல வாய்ப்பு. பெட்டியடிப் பையன் போன் கேமராவைக் கொட்டானுக்கு நேராகப் பிடித்திருந்தான். உருட்டினேன். தனிப் பகடை 5. மற்றவை நாலும் மூணும், ஏழு.

பிட்சர் அட்டை, ஐந்தாம் பத்தி, ஏழாம் வரி. அட்டை அவள் கையில். இரண்டு பகடையின் கூட்டில் 36 வழிகளில் ஆறு ஏழுக்குத்தான், அதிகம் விழுவதும் அதுதான். நல்ல பிட்சரின் அட்டையில் அந்த வரியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் படிக்கும்வரை காத்திருந்தேன். விரலை வைத்து இரண்டு தடவை சரிபார்த்தாள். “ஸ்ட்ரைக் அவுட், அம்மான்” என்றாள், மெதுவாக.

மற்ற ஏழு பேரும் அழைப்பில் இருந்தார்கள். ரங்கூன்காரர் ஏதோ கத்தினார், யாரோ கை தட்டினார்கள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது நிற்கப் பத்து நிமிஷம் ஆனது. ஏழு சீசனில் அப்படி ஒரு மாலை எனக்கு வாய்த்ததில்லை. ரங்கூன் அப்புறம் சிங்கப்பூரையும் தாண்டி, இறுதிச்சுற்றில் பினாங்கிடம் தோற்றது.

அன்று ராத்திரி பேரேட்டில் எழுதிப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். தோற்றவன் நான்தானே, நானே கீழே ‘சரி’ என்றும் எழுதினேன். அவளிடமிருந்து பதில் வந்தது: “திங்கக்கிழமை கணக்குப் பரீட்சை அம்மான், படிக்கப் போறேன். அடுத்த சீசனும் எனக்கு மேடானே குடுங்க.”