கௌவும் கெளவும்

ஐயா,
எங்கள் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு மலரை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் செய்கிறேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். கடைசியில் பழைய மாணவர் பெயர்ப் பட்டியல். பாராகிராப் ஸ்டைலில் ஃபான்ட்டை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அசைய மறுக்கிறது. பேசாமல் பழைய பாமினி ஃபான்ட்டுக்கே போய்விடலாமா? இல்லை, பக்க வடிவமைப்புக்கான இன்டிசைன் மென்பொருளை வாங்கட்டுமா?
கெளரி

அன்புள்ள கௌரி,

தமிழுக்கு அங்கே தனி ஃபான்ட் பெட்டி. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழிப் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எஃப்11 அழுத்தி ஸ்டைலைத் திறந்தால் ஃபான்ட் பக்கத்தில் வெஸ்டர்னோடு காம்ப்ளெக்ஸ் (சில பதிப்புகளில் சிடிஎல்) என்று இன்னொன்று இருக்கும். தமிழ் ஃபான்ட்டும் அளவும் அதில்தான். அப்படியும் அசையாத பத்தியைத் தெரிவு செய்து கன்ட்ரோல் எம். கையால் போட்ட வடிவமைப்பு உதிர்ந்துவிடும். இதற்குப் போய் இன்டிசைனா?

பாமினி பேச்சை விடுங்கள். அதில் ‘தமிழ்’ என்ற சொல் உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கிறது: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஃபான்ட் இல்லாத கணினியில் அச்சாவதும் அதுதான்.

எனக்கு உறுத்துவது உங்கள் கையெழுத்து. அம்மா, சொந்தப் பெயரையே தப்பாக அடித்திருக்கிறீர்கள். கௌ என்பது ககரத்துக்குப் பின் ஒரே குறி. நீங்கள் அடித்திருப்பது கெ, பக்கத்தில் ஒரு ளகரம். பல ஃபான்ட்களில் வித்தியாசமே தெரியாது. ஔகாரக் குறியைச் சற்றுச் சிறிதாக வரைந்திருக்கும் ஃபான்ட்டுக்கு மாற்றியதும் குட்டு வெளிப்படும். உடனே ஃபான்ட்டைத் திட்டுவீர்கள். கண்ணுக்குத் தப்பினாலும் வரிசைக்குத் தப்பாது. கோவிந்தனுக்குப் பின்னால் வரவேண்டிய கௌரி, கேசவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பாள். சரியாக அடித்துத் தேடினால் கிடைக்கவும் மாட்டாள். இத்தனைக்கும் தமிழ்99 விசைப்பலகையில் கெள அடிக்க எச், ஜி, ஒய் என மூன்று விசை. கௌவுக்கு எச், இசட், இரண்டே. அதிகம் உழைத்துத் தப்பு செய்கிறோம்!

இனி, அவசரப்பட்டு ெள என்பதையெல்லாம் ௌ ஆக்கிவிடாதீர்கள். ‘வெளி’ அடுத்த நொடியே ‘வௌி’ ஆகி, புள்ளி வட்டத்தோடு பல்லிளிக்கும். தெளிவு, கெளுத்தி, வெள்ளம் எல்லாவற்றுக்கும் அதே கதி. ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது உண்மையான ள, தொடக்கூடாது. கன்ட்ரோல் எச் அழுத்தி, ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸை (நிபந்தனை வைத்துத் தேடும் வசதி) டிக் செய்து, தேடும் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

ெள(?![ா-்])

மாற்றும் கட்டத்தில் ௌ. ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்: மெளனம், வெளவால், கெளரவம் என்று வரிசையாக வந்து நிற்கும். ஒளவையார் இந்த வலையில் சிக்கமாட்டார். அவரைத் தனியாகத் தேடி ஔவையார் ஆக்குங்கள், ஒளி பக்கம் கை போகாமல். பெயர்ப் பட்டியலை அதற்கப்புறம் மறுபடி வரிசைப்படுத்துங்கள்.