சங்கோமா கஷாயமும் எச்.ஐ.வி. மாத்திரையும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் பலர் சங்கோமா எனப்படும் பாரம்பரிய வைத்தியரிடமும் போகிறார்கள், எச்.ஐ.வி. மாத்திரையும் சாப்பிடுகிறார்களாமே. ஒத்துப்போகுமா?

பதில்: எல்லாமே ஒத்துப்போகாது. உடம்பைச் சுத்தப்படுத்த, கஷாயத்தைக் குடித்து வாந்தி எடுப்பது அங்கே வழக்கம். மாத்திரை போட்ட கையோடு வாந்தி எடுத்தால் மருந்தும் வெளியே வந்துவிடும். இது அடிக்கடி நடந்தால், வைரஸ் அந்த மருந்துக்கே அடங்காமல் போகும். மூலிகை எனிமாவால் பேதியாகி நீர்ச்சத்து வற்றும்; குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

படுமோசமானது, சூலு மக்கள் பயன்படுத்தும் ‘இம்பிலா’ கிழங்கு. அதிலுள்ள அட்ராக்டிலோசைடு என்ற நஞ்சு கல்லீரல், சிறுநீரகம் இரண்டையும் செயலிழக்க வைக்கும். முறிவு மருந்து கிடையாது.

சங்கோமா தோலைக் கீறி மருந்து தேய்ப்பதானால், ஆளுக்கொரு புது பிளேடு வேண்டும்.

இந்தப் பாரம்பரிய வைத்தியர்களைப் பதிவுசெய்ய அங்கே 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நோயாளி என்ன குடித்தார் என்று கேட்காத டாக்டருக்கு அதனால் என்ன பயன்?