புண்ணுல ஊத்துற ஆன்டிசெப்டிக் பையனோட ஜீனை மாத்திடுமா?

மாத்தாதும்மா. உங்க பையனோட ஜீன் அப்படியேதான் இருக்கு, ஜெனடிக் டெஸ்ட்டுன்னு ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க. முழங்கால் புண்ணுல ஊத்துற லிக்விட்ல செட்ரிமைட் இருக்கு, அது டிஎன்ஏவைப் பிடிச்சு சுருட்டும், ஜீன் தெரபிக்கே (ஜீனை செல்லுக்குள்ள அனுப்பற வைத்தியம்) இந்த வகைதான்னு நெட்ல படிச்சதுல இருந்து தூக்கமே இல்லன்னு எழுதிருக்கீங்க. படிச்சதுல பாதி நிஜம், அதான் இவ்ளோ பயம்.

டிஎன்ஏ இழை நெடுக பாஸ்பேட் இருக்கும், ஒவ்வொண்ணுலயும் நெகட்டிவ் சார்ஜ். செட்ரிமைட் மூலக்கூறுக்கு தலையில பாசிட்டிவ் சார்ஜ், பின்னாடி எண்ணெய் மாதிரி ஒரு நீள வால். தலை போய் பாஸ்பேட்ல ஒட்டிக்கும், அங்க இருந்த சோடியம் அயனிங்க கழண்டு தண்ணியில கலந்துடும், வாலுக்கு தண்ணி ஆகாதுங்கறதால பக்கத்து வாலோட சேர்ந்துக்கும், அதனால ஒண்ணு ஒட்டினா அடுத்தது ஒட்டறது இன்னும் சுலபம். சார்ஜுல சுமார் 90% அடங்கிட்டா, அதுவரைக்கும் தன்னைத்தானே தள்ளிட்டு விரிஞ்சு கிடந்த இழை சட்டுனு சுருண்டு உருண்டையாயிடும். 1995ல மெல்னிகோவ், செர்கேயேவ், யோஷிகாவா மூணு பேரும் செட்ரிமைட்டுக்கு ரொம்ப நெருக்கமான சி.டி.ஏ.பி.யை வச்சு இதை மைக்ரோஸ்கோப்புல தனித்தனி இழையா பார்த்தாங்க. ஒரு இழை விரிஞ்சிருக்கும், இல்லன்னா முழுசா சுருண்டிருக்கும், நடுவுல நிக்காது. அருமையான வேலை அது.

ஆனா அதெல்லாம் வெறும் டிஎன்ஏவை தண்ணியில போட்டு பார்த்தது. உங்க பையன் உடம்புல டிஎன்ஏ செல்லுக்குள்ள, அதுலயும் நியூக்ளியஸுக்குள்ள இருக்கு. செட்ரிமைட் செல்லை எட்டிச்சுன்னா முதல்ல வெளிச்சவ்வைத்தான் கிழிக்கும், கிருமி சாகறதே அப்படித்தான். செத்த செல் உதிர்ந்துடும், ஜீன் மாறி உட்கார்ந்திருக்காது. இன்னொண்ணு, ஒட்டிச் சுருட்டினா டிஎன்ஏல இருக்குற எழுத்து மாறாது. செல்லைக் கொல்லுதுங்கறதாலதான் ஜீனை உள்ள அனுப்பறவங்க ஒத்தை வால் சரக்கை விட்டுட்டு, 1987ல ஃபெல்க்னர் குழு காட்டின ரெண்டு வால் லிப்பிட் (கொழுப்பு மூலக்கூறு) பக்கம் போனாங்க. அப்புறம் ரத்தத்துல சார்ஜ் இல்லாம இருந்து செல்லுக்குள்ள அமிலமான இடத்துல மட்டும் சார்ஜ் ஏறுற லிப்பிட் வந்துச்சு, 2018ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின பாட்டிசிரான் மருந்து அப்படித்தான் கல்லீரலுக்குப் போகுது. அதுவும் ஆர்என்ஏ மருந்துதான், ஜீன்ல கை வைக்காது.

ஹேர் கண்டிஷனர்லயும் இதே மாதிரி சரக்கு இருக்கேன்னு கேட்டிருக்கீங்க, அந்தப் பயம் வேண்டாம், விடுங்க. தடுப்பூசி பத்தியும் கேட்டிருக்கீங்க, நீங்க போட்ட கோவிஷீல்டுல இந்த லிப்பிட்டே கிடையாது.

இப்ப என்னைக் கவலைப்படுத்தறது என்னன்னா, கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதிருக்கீங்க பாருங்க, போன மாசம் அதே பாட்டில்ல இருந்து ஒரு வாய் குடிச்சிட்டான், உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வச்சோம், இப்ப சாப்பிட அடம் பிடிக்கிறான், ஒவ்வொரு வாய் சப்பாத்திக்கும் தண்ணி கேக்கறான்னு. அது அடம் இல்லம்மா. தண்ணி கலக்காத அந்த லிக்விட் உணவுக்குழாயைப் பொசுக்கும், புண் ஆறறப்ப தழும்பு இறுகி குழாய் சுருங்கிடும், அது தெரிய வர்றதே மூணு வாரம் கழிச்சுத்தான். இந்த வாரமே குழந்தைங்க குடல் டாக்டர்கிட்ட காட்டுங்க, எண்டோஸ்கோப்பி பண்ணணுமான்னு அவங்க சொல்லுவாங்க, சுருங்கிருந்தா பலூன் வச்சு விரிக்க முடியும். தண்ணியே இறங்கலை, எச்சில் வழியுது, நெஞ்சு வலிக்குதுங்கறான், மூச்சு வாங்குதுன்னா வாரமெல்லாம் காத்திருக்காதீங்க, அப்பவே எமர்ஜென்சி.

அப்புறம் இந்த உப்புத்தண்ணி வைத்தியம். யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல, யாரா இருந்தாலும் இனிமே கேக்காதீங்க. வாந்தி எடுத்தா பொசுக்கினது திரும்ப மேல வந்து ரெண்டாவது தடவை பொசுக்கும், நுரை நுரையீரலுக்குப் போகும், போதாக்குறைக்கு உப்பு ஏறியே குழந்தைங்க செத்துருக்காங்க. வாயைக் கழுவி விட்டுட்டு 108க்கு போன் பண்ணுங்க, அவ்ளோதான்.

முழங்காலுக்கு குழாய்த் தண்ணியும் சோப்பும் போதும். டாக்டர்கிட்ட போறப்ப அந்த பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க, எந்தத் தேதி குடிச்சான், அதுல தண்ணி கலந்திருந்துச்சான்னு முதல்லயே சொல்லிடுங்க.