வானவில் எங்கே நிற்கிறது? கேள்வி பதில்

வானவில் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் நடந்தால் வானவில்லும் கூடவே வருகிறதே, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

எந்தத் தூரத்திலும் இல்லை. வானவில் ஒரு பொருளல்ல, ஒரு கோணம். வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, குழாயின் வாயை விரலால் அழுத்தித் தண்ணீரைச் சாரலாகப் பீய்ச்சிப் பாருங்கள். உங்கள் தலையின் நிழல் விழும் இடம்தான் வட்டத்தின் மையம். அங்கிருந்து சுமார் 42 டிகிரி விலகியிருக்கும் துளிகள் சிவப்பை உங்கள் கண்ணுக்கு அனுப்பும், 40 டிகிரியை ஒட்டியவை ஊதாவை அனுப்பும். அப்படியே ஒரு கண்ணை மூடி, அடுத்து மற்றதை மூடுங்கள். வில் இடம் மாறும்! இரண்டு கண்ணுக்கும் தனித்தனி வில்.

அதென்ன 42 கணக்கு?

துளிக்குள் நுழையும்போது ஒளி வளைகிறது, பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது, வெளியேறும்போது மறுபடி வளைகிறது. துளியில் எங்கே பட்டது என்பதைப் பொறுத்துத் திரும்பும் கோணம் மாறும். ஆனால் 42 டிகிரியை நெருங்கும்போது கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெரிசலாகக் குவிகின்றன. அதனால் அங்கே மட்டும் பளிச்சென்று தெரிகிறது. பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தே இதைக் கதிர் கதிராகக் கணக்குப் போட்டு 1637இல் வெளியிட்டார். நிறங்கள் பிரிவதற்குக் காரணம், ஊதா சிவப்பைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைவது. இதை விளக்கியவர் நியூட்டன்.

துளிக்குள் நடப்பது முழு அக எதிரொளிப்புதானே, அதாவது ஒளி கொஞ்சமும் வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்புவது?

இல்லை. பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்கு எரிச்சல் வரும். தண்ணீருக்குள் அது நடக்க, ஒளி துளியின் சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோத வேண்டும். வில்லை உண்டாக்கும் கதிர் மோதுவது சுமார் 40 டிகிரியில். பெரும்பகுதி பின்பக்கமாக வெளியே போய்விடும், திரும்புவது கொஞ்சம்தான்.

நிறம் ஏழுதானா?

எண்ணிக்கை எதுவும் இல்லை. ஒன்று இன்னொன்றாகக் கரைந்துகொண்டே போகிறது. நியூட்டன் முதலில் ஐந்து என்றுதான் சொன்னார், அப்புறம் ஏழு சுரங்களோடு பொருத்தி ஏழாக்கினார்.

உச்சி வெயிலில் ஏன் தெரிவதில்லை?

சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் வில் முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும்.

வெளியே இன்னொரு மங்கலான வில் தெரிந்ததே?

அது துளிக்குள் இரண்டு முறை பட்டுத் திரும்பிய ஒளி. நிற வரிசை தலைகீழாக இருக்கும். இரண்டு வில்லுக்கும் நடுவே வானம் கறுத்திருக்கும், அதையும் கவனியுங்கள்.

போலராய்டு கண்ணாடி (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் தடுக்கும் வெயில் கண்ணாடி) போட்டிருந்தபோது வில்லின் உச்சியைக் காணோம். கண்ணில் கோளாறா?

கண் நன்றாகத்தான் இருக்கிறது. வானவில்லின் ஒளி, வில்லின் வளைவை ஒட்டியே அதிர்கிறது. உச்சியில் அது கிடைமட்டம். உங்கள் கண்ணாடி தடுப்பதும் அதைத்தான். தலையைப் பக்கவாட்டில் நன்றாகச் சாய்த்துப் பாருங்கள், உச்சி வந்துவிடும், கால்கள் மங்கிவிடும்.