அயகூச்சோ 1824: இரு பக்கத் தளபதிகள் பற்றிச் சில கேள்விகள்

1824 டிசம்பர் 9 அன்று பெருவின் மலைநாட்டில், கினுவா ஊரை ஒட்டிய சமவெளியில் நடந்தது அயகூச்சோ போர். ஸ்பெயின் அரசரின் படைக்கும் விடுதலைப் படைக்கும் நடந்தது; தென் அமெரிக்காவில் ஸ்பெயினின் ஆட்சிக்கு முடிவு கட்டிய சண்டை. அதைப் பற்றி வந்த கேள்விகள்:

கே: சார், ஜெயித்தது விடுதலைப் போரின் தலைவர் சிமோன் பொலிவார்தானே?

ப: அவர் அன்று களத்திலேயே இல்லை. அந்த ஆண்டு கொலம்பிய நாடாளுமன்றம் அவருடைய அதிகாரத்தைப் பறித்துவிட்டதால், படையைத் தன் தளபதி அந்தோனியோ ஹோசே தெ சுக்ரேயிடம் விட்டுவிட்டார். சுக்ரேக்கு வயது 29!

கே: ஸ்பெயின் பக்கம் யார்?

ப: பெருவில் ஸ்பெயின் அரசரின் பிரதிநிதியான வைஸ்ராய் லா செர்னா, 54 வயது. அடுத்து, பிரான்சில் பிறந்த தளபதி கான்டெராக். ஆகஸ்டில் பெருவின் ஹுனினில் பொலிவாரிடம் தோற்றவர். துப்பாக்கி வெடிக்காமல் ஈட்டியும் வாளுமாகவே நடந்த சண்டை அது. என்னைக் கேட்டால் அவர்களில் கெட்டிக்காரர் இன்னொரு தளபதியான வால்டெஸ்தான்.

கே: அவர்களிடம்தான் ஆள் அதிகம் என்கிறார்களே, எப்படித் தோற்றார்கள்?

ப: ஆமாம், சுமார் 9,300 பேர், சுக்ரேயிடம் 5,800 சொச்சம். ஆனால் வீட்டுக்குள்ளேயே சண்டை. மேல் பெருவில் (இன்றைய பொலிவியா) ஒலன்யேட்டா என்ற ராஜ விசுவாசத் தளபதி, வைஸ்ராயை மதிக்காமல் தனிக்கடை போட்டுவிட்டார். அவரை அடக்கப் போய் வால்டெஸின் படை மாதக்கணக்கில் அலைந்தது. அப்புறம் பசி. வீரர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணில் பிறந்தவர்கள். ஓடிப்போய்விடுவார்களோ என்ற பயம் வேறு. காத்திருக்க முடியாமல் கொண்டோர்குங்கா மலைச்சரிவிலிருந்து இறங்கினார்கள். வால்டெஸ் ஒரு பக்கம் நன்றாகவே முன்னேறினார். ஆனால் மற்றவர்கள் இறங்கி அணிவகுக்கும் முன்பே சுக்ரேயின் தளபதி, 25 வயது கொர்டோபா தன் கொலம்பியப் படையோடு பாய்ந்துவிட்டார். சில மணி நேரத்தில் கதை முடிந்தது.

கே: அண்ணா, சண்டைக்கு முன் இரு பக்க வீரர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டது நிஜமா?

ப: நிஜம்தான். ராஜ தளபதி மொனெட் வந்து கொர்டோபாவிடம், இரு பக்கமும் உறவினர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளட்டுமே என்றார். சுக்ரே சம்மதித்தார். எதிரெதிர் படைகளில் இருந்த அண்ணன் தம்பிகூடக் கட்டிக்கொண்டு அழுதார்களாம். பிறகு அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள்.

கே: கடைசியில் என்ன ஆனார்கள்?

ப: லா செர்னா காயத்தோடு பிடிபட்டதால் சரணாகதியில் கையெழுத்திட்டவர் கான்டெராக். லா செர்னா ஸ்பெயின் திரும்பி 1832இல் இறந்தார். ஜெயித்தவர்கள் பாடுதான் மோசம். கொர்டோபா பொலிவாரையே எதிர்த்துக் கிளம்பி 1829இல் கொல்லப்பட்டார். மறு ஆண்டு இன்றைய கொலம்பியாவில் உள்ள பெருயேகோஸ் காட்டுப்பாதையில் பதுங்கியிருந்தவர்கள் சுக்ரேயைச் சுட்டுக் கொன்றார்கள்.