பிள்ளைகளின் ஷூ செலவு: மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி தேவையா?

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு 7 வயது, இளையவளுக்கு 4. மூத்தவனுக்கு மட்டும் வருடத்துக்கு நான்கு ஜோடி ஷூ வாங்குகிறேன். வாங்கி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, முனை தேய்ந்து, பின்பக்கம் மடங்கி, போட்டு அனுப்பவே கூச்சமாக இருக்கும். விலை கூடின ஷூ வாங்கினால் நாள்பட உழைக்குமா? இல்லை, ஒரு சைஸ் பெரிதாக வாங்கி மிச்சம் பிடிக்கலாமா? மற்ற வீட்டுச் செலவெல்லாம் கட்டுக்குள் வந்துவிட்டது, இது மட்டும் வரவில்லை.

பதில்: “போட்டு அனுப்பவே கூச்சமாக இருக்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். கால் வளர்ந்து ஷூ சிறிதாகிவிட்டது என்று எங்கும் எழுதவில்லை. அப்படியானால் உங்கள் பணம் போவது ஷூவின் தோற்றத்துக்காக. அதைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டால் செலவு பாதியாகும். கணக்கைப் பார்ப்போம்.

ஏழு வயதுப் பிள்ளையின் பாதம் வருடத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். சரியான அளவில் வாங்கிய ஷூவில் விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் இருக்கும். அதில் பாதி குறைய ஆறு மாதம் ஆகும். ஆக, ஒரு ஷூவின் ஆயுள் ஆறு மாதம், வருடத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடியின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நான்கு ஜோடிக்கு 400 போகிறது. இருமடங்கு விலையில் 200-க்கு வாங்கினால்? அது இரண்டு வருடம் உழைக்கும் தரத்தில் இருந்தாலும் ஆறு மாதத்தில் கால் அதை விட்டு வளர்ந்துவிடும். இரண்டு ஜோடி, மறுபடியும் அதே 400. நடுத்தர விலை ஷூவையே ஆறு மாதம் பார்க்கும்படி வைத்திருந்தால் 200-தான். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: விலையைக் கூட்டாதீர்கள், இருப்பதைக் காப்பாற்றுங்கள்.

ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். என் மகள் சின்னவளாக இருந்தபோது நானும் அப்படி வாங்கியிருக்கிறேன். குதிகால் உள்ளே நழுவ, காலை இழுத்து இழுத்து நடந்தாள், இரண்டு முறை தடுக்கி விழுந்தாள். இழுத்து நடப்பதால் முனைதான் முதலில் தேய்கிறது. பாதம் மடங்குகிற இடமும் ஷூ மடங்குகிற இடமும் வேறாகிவிடுவதால் மேல்பகுதியும் சீக்கிரம் விரிசல் விடும். மிச்சம் பிடிக்க வாங்கிய ஷூ இன்னும் வேகமாகக் கெடும்.

அப்புறம் அந்தப் பின்பக்கம். பிள்ளைகளின் ஷூவைக் கெடுப்பதில் மண்ணையும் மழையையும்விட இதற்குத்தான் பங்கு அதிகம். அவசரத்தில் லேஸை அவிழ்க்காமலே காலை நுழைப்பார்கள், பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே நடப்பார்கள். குதிகாலைத் தாங்க அங்கே உள்ளுக்குள் ஒரு விறைப்பான அட்டை உண்டு. அது ஒருமுறை மடங்கி உடைந்தால் எந்தப் பாலிஷும் சரிசெய்யாது. மூத்தவனுக்கு லேஸ் அவிழ்க்கப் பொறுமை இல்லையென்றால் எலாஸ்டிக் லேஸ் மாற்றிக் கொடுங்கள். இளையவளுக்கு ஒட்டும் பட்டை வைத்த ஷூதான் நல்லது. அந்தப் பட்டையில் நூலும் முடியும் சேர்ந்து பிடிப்பு போனால் பழைய பல்துலக்கியால் கோதி எடுங்கள், மறுபடி ஒட்டும்.

முனை தேய்வதற்கு இன்னொரு காரணம், சைக்கிளையோ ஸ்கூட்டரையோ காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவது. பையனிடம் சண்டை போட வேண்டாம். பார்க்க மோசமானாலும் அளவு சரியாக இருக்கிற ஜோடியைத் தூக்கிப் போடாமல் விளையாட்டுக்கென்று ஒதுக்குங்கள். புதுசு வெளியே போகும்போது மட்டும். ஒரே ஜோடியைத் தினமும் போட்டால் உள்ளே வியர்வை காயவே நேரமிருக்காது, நாற்றமும் வரும், உள்பகுதி நைந்தும் போகும். இரண்டை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் பிழைக்கும். ஆனால் இதற்காக ஒரே நாளில் இரண்டு புது ஜோடி வாங்காதீர்கள், இரண்டும் ஒன்றாகச் சிறிதாகிவிடும்.

சுத்தம் செய்வதில் நாம் நல்லெண்ணத்தோடு செய்கிற தவறுகள்தான் அதிகம். ஈரமாக இருக்கும்போதே சேற்றைத் தேய்த்தால் அது துணிக்குள் இன்னும் இறங்கும். காயவிட்டுத் தட்டிப் பிரஷ் போட்டால் முக்கால்வாசி உதிர்ந்துவிடும். நனைந்த ஷூவை அடுப்புப் பக்கமோ ஹீட்டர் பக்கமோ வைக்காதீர்கள். சூட்டில் சோல் பசை இளகும், தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே தாளைத் திணித்து, அது ஊறியதும் மாற்றி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வாஷிங் மெஷினில் வெந்நீரில் போடுவதும் பசைக்கு எமன். வெள்ளைக் கேன்வாஸ் மஞ்சளாவது பெரும்பாலும் சோப்பு முழுதாக அலசப்படாமல் வெயிலில் காய்வதால்தான். நுரை போகும்வரை அலசி, வெள்ளை டிஷ்யூ தாளைச் சுற்றிக் காயவைத்தால் கறை தாளோடு போய்விடும். தோல் ஷூவின் முனைக் கீறலுக்கு அதே நிறக் கிரீம் வேண்டும், நிறமில்லாத கிரீம் பளபளப்பு தரும், கீறலை மறைக்காது. அந்தக் கிரீமைப் புது ஷூவுக்கு முதல் நாளே ஒருமுறை தடவிவிட்டால் அழுக்கு அவ்வளவு எளிதில் ஏறாது.

இதற்கெல்லாம் தேவை ஒரு பிரஷ், ஒரு துணி, ஒரு டப்பா கிரீம். வருடப் பராமரிப்புச் செலவு ஒரு ஜோடி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கிற வரம்பு. மேலே சொன்ன கணக்கில் அது 20. மிச்சமாகிற 200-இல் 180 உங்கள் கையில் நிற்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து மனதில் வரும் என்பதால் சொல்கிறேன். அண்ணன் ஷூவைத் தங்கைக்கு எடுத்து வைக்கலாமா? கொஞ்ச நாளே போட்டதென்றால் தாராளமாக. இல்லையென்றால் சமதளத்தில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் மேலே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வேண்டாம், அது அவன் நடைக்குத் தேய்ந்த ஷூ. தள்ளுபடியில் வருகிற அடுத்த சைஸ்களை வாங்கி அடுக்குவதும் வேண்டாம். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த சோல், ஷூவைப் போடாமலே வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் சில வருடங்களில் உதிர ஆரம்பிக்கும். அடுத்த ஒரு சைஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நாள் முழுக்க நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், அதனால் இருவருக்கும் மாலையில் அளந்து பாருங்கள். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் பிள்ளையை நிற்க வையுங்கள். குதிகாலை விளிம்போடு சேர்த்து வைத்த பிறகு முன்னால் அரை செ.மீ.க்கு மேல் இடம் தெரிந்தால், இப்போதிருக்கும் ஷூவுக்கே கிரீம் போட்டு, லேஸைத் துவைத்து மாட்டிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி அளக்கலாம், சின்னவளுக்கு மட்டும் மாதாமாதம்.