மசாய் மாரா சஃபாரி: கேட்டவைக்குச் சொன்னவை

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குப் பகுதியைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கோரில்லா, கிளிமஞ்சாரோ கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டேன்.

மே மாதம் பள்ளி விடுமுறை. வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க முடியுமா அண்ணா?

முடியாது தம்பி. மே மாதத்தில் கூட்டம் தான்சானியாவில், செரெங்கெட்டி புல்வெளிக்குள் இருக்கும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட், கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரை. மழை பெய்த இடத்தில் முளைக்கும் புல்லைத் தேடி வருடம் முழுக்கச் சுற்றுகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே நுடுட்டு பக்கம் கன்று போடும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே, வற்றாத மாரா ஆற்றை ஒட்டி நிற்கும். ஒரே தடவை கடந்துவிட்டு ஓய்வதும் இல்லை. மழை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்று போவதும் வருவதுமாக இருக்கும்.

மே மழைக்காலத்தின் கடைசி, பாதையெல்லாம் சேறு. ஆனால் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி வருடம் முழுக்க உண்டு. அறை வாடகையும் கூட்டமும் குறைவு.

புலி கண்ணில் படுமா?

ஆப்பிரிக்கக் காட்டில் புலி கிடையாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? ஏஜென்ட் தேவையில்லை என்கிறார்.

போட்டுக்கொள்ளுங்கள். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பாமல் தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் போகிறோம். ஆற்றைக் கடப்பது எந்தத் தேதியில் நடக்கும்?

தேதி கிடையாது. கரையில் மணிக்கணக்கில் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போகிற கூட்டமும் உண்டு. ஆற்றுக்குப் பக்கத்தில் மூன்று நான்கு இரவு தங்கினால் வாய்ப்பு கூடும்.

சிவிங்கிப்புலி ஒன்று புல்லில் படுத்திருந்தது. பாதையை விட்டு இறங்கிப் பக்கத்தில் போகச் சொன்னோம், டிரைவர் மறுத்துவிட்டார். இவ்வளவு பணம் கட்டிவிட்டு தூரத்திலிருந்தா பார்ப்பது? யாரிடம் புகார் செய்யலாம் சார்?

புகார் வேண்டாம் சார், அந்த டிரைவருக்குக் கூடுதலாக டிப்ஸ் கொடுங்கள். ரிசர்வுக்குள் (அரசுக் காப்பகம்) விதி இதுதான்: பாதையை விட்டு இறங்கக்கூடாது, விலங்குக்கு 25 மீட்டருக்குள் போகக்கூடாது, ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது. மீறினால் அபராதம் அவர் தலையில் விழும். நீங்கள் ஊருக்கு வந்துவிடுவீர்கள், அவருக்கு அங்கேதான் பிழைப்பு.

சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும். அதாவது நாம் வண்டியில் சுற்றுகிற அதே நேரத்தில். சுற்றி வண்டிகள் நின்றால் இரை உஷாராகிவிடும், குட்டிகள் தாயைவிட்டுப் பிரியும். மாராவில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. சுற்றுலா வண்டிகள் அதிகமுள்ள பகுதியில் ஒரு தாய் வளர்த்து ஆளாக்கிய குட்டிகள் சராசரியாக 0.2, வண்டிகள் குறைந்த பகுதியில் 2.3. பக்கத்தில் போகச் சொல்லி டிரைவரை விரட்டுமுன் இந்த இரண்டு எண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே நபர்: மற்ற வண்டிகள் எல்லாம் போனதே? நாங்கள் மட்டும் ஏமாளியா?

போனவர்களின் டிரைவரையும் யாரோ பின்சீட்டிலிருந்து விரட்டியிருப்பார்கள். ஆற்றங்கரையிலும் இதே கதைதான். கூட்டம் இறங்குமுன் வண்டிகள் கரையோரம் முண்டியடித்தால் அது மிரண்டு திரும்பும், அல்லது மேடு அதிகமான இடத்தில் குதித்துக் காலை முறித்துக்கொள்ளும். முதல் விலங்கு தண்ணீரில் கால் வைக்கும்வரை தள்ளியே நிற்க வேண்டும்.

வேறொருவர் குறுக்கிட்டு: மாரா நார்த்தில் எங்களைப் பாதையை விட்டுக் கூட்டிப்போனார்களே. நீங்கள் சொல்வது தப்பு.

மாரா நார்த் ரிசர்வு அல்ல, கன்சர்வன்சி. நிலம் மசாய் பழங்குடிக் குடும்பங்களுடையது, தங்கும் விடுதிகள் அவர்களுக்குக் குத்தகைப் பணம் கொடுக்கின்றன. படுக்கைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் வண்டியும் குறைவு. அங்கே பாதையை விட்டு இறங்கவும் இரவில் சுற்றவும் அனுமதி உண்டு. நபோய்ஷோ என்ற இன்னொரு கன்சர்வன்சியிலும் அப்படித்தான். செலவு கூடும். பக்கத்தில் போக அவ்வளவு ஆசை என்றால் பணத்தை அங்கே செலவழியுங்கள். அங்கேயும் டிரைவரை விரட்டாதீர்கள்.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 2024-இலிருந்து ஜூலை-டிசம்பரில் ஒரு நாளுக்கு 200 டாலர், ஜனவரி-ஜூனில் 100. கிளம்புமுன் ஒருமுறை சரிபாருங்கள். டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைதான். ரிசர்வுக்குள் தங்கினால், கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் கேட்டைத் தாண்டிவிடுங்கள். தாண்டாவிட்டால் இன்னொரு நாள் காசு.

விசா?

2024 ஜனவரியிலிருந்து விசா இல்லை, ஆன்லைனில் முன்அனுமதி வாங்க வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? புளிக்காய்ச்சல் எடுத்துப் போகட்டுமா?

சப்பாத்தியும் சமோசாவும் அந்த ஊர்க்காரர்களே அன்றாடம் சாப்பிடுகிறவை. சொல்லி வைத்தால் விடுதியில் பருப்பும் வரும். புளிக்காய்ச்சல் உங்கள் இஷ்டம், ஆனால் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். கென்யாவில் 2017-இலிருந்து தடை.

நைரோபியிலிருந்து சின்ன விமானத்தில் போகிறோம். பெட்டி?

15 கிலோ, அதுவும் வளையக்கூடிய துணிப்பை. சக்கரம் வைத்த பெரிய பெட்டி நைரோபியிலேயே நிற்கட்டும். ஸ்வெட்டர் மறக்காதீர்கள். மாரா 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, விடியற்காலையில் திறந்த வண்டியில் பல் கிட்டும்.

செப்டம்பர் முதல் வாரம் என்றால் ஆற்றைக் கடப்பது உறுதிதானே?

மேலே பாருங்கள்.

ட்ரோன்?

கூடாது. அனுமதி இல்லாமல் எடுத்துப் போனால் விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.